போரில் வென்று பாதையில் தோற்ற படை: 1791 மே மாதச் சீரங்கப்பட்டணப் பயணம்

1791 மே 15 அன்று, சீரங்கப்பட்டணத்திற்குக் கிழக்கே அரகெரே அருகே நடந்த போரில் காரன்வாலிஸ் பிரபுவின் படை திப்பு சுல்தானின் படையைப் பின்வாங்கச் செய்தது. அடுத்த ஒரு வாரத்திற்குள் அதே காரன்வாலிஸ், பெரும்பாடுபட்டு இழுத்துவந்த தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்தழிக்க ஆணையிட்டார். பின்னர்ப் பெங்களூரை நோக்கித் திரும்பினார். வென்ற படை தன் கருவிகளைத் தானே அழித்துக்கொண்டு திரும்பியது ஏன் என்னும் வினாவிற்கு வழக்கமாகத் தரப்படும் விடை ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது: மழை. அந்த விடை பொய்யன்று. ஆனால் அது யாருடைய செயலை மறைக்கிறது, யாருடைய துன்பத்தை விழுங்கிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1789 டிசம்பர் இறுதியில் திருவிதாங்கூரின் எல்லை அரண்மீது திப்பு நடத்திய தாக்குதலைத் தொடர்ந்து மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. 1790இல் தளபதி மெடோஸ் திருச்சிராப்பள்ளியிலிருந்து கோயம்புத்தூர்ச் சீமைக்குள் படை நடத்தினார். கஜலஹட்டிக் கணவாய் வழியே திப்பு திடுமென இறங்கிவந்து சத்தியமங்கலம் பகுதியில் தாக்கவே அம்முயற்சி தடுமாறியது. ஆண்டின் இறுதியில் தலைமை ஆளுநரான காரன்வாலிஸ் தாமே சென்னைக்கு வந்து படைத்தலைமை ஏற்றார். பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் யார்க்டவுனில் வழங்கல் வழிகள் அடைபட்டுச் சரணடைந்த அதே காரன்வாலிஸ் இவர். பசித்த படை என்ன ஆகும் என்பதை அவருக்குப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1791 பிப்ரவரியில் அவர் ஆம்பூர் வழியாக ஏறுவதுபோல் போக்குக்காட்டி, வடக்கே மூக்லிக் கணவாய் வழியாக மைசூர் மேட்டுநிலத்தை அடைந்தார். மார்ச் 7 அன்று பெங்களூர்ப் பேட்டையும், மார்ச் 21 இரவில் கோட்டையும் வீழ்ந்தன. கோட்டையைக் காத்த கில்லேதார் பகதூர் கான் போரிட்டு மடிந்தார். மதில் உடைக்கப்பட்ட இடத்தைக் காட்டும் கல்வெட்டை இன்றும், அடுகோடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கிருஷ்ணராஜா சந்தைப் பகுதியில் காணலாம். கல்வெட்டுகள் பெரும்பாலும் வெற்றிகளையே நினைவில் வைத்துக்கொள்கின்றன. அந்த வெற்றிக்குப் பிந்தைய ஒன்பது வாரங்களில் நடந்ததை அறிய ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

கோட்டை கைக்கு வந்தபோதே படையின் அடிப்படை ஆட்டம் கண்டிருந்தது. பெங்களூரைச் சுற்றிய ஊர்களில் தீவனம் எஞ்சவில்லை. சென்னையிலிருந்து வந்த வண்டிமாடுகளும் பொதிமாடுகளும் மெலிந்து மடியத் தொடங்கின. ஐதராபாத் நிஜாமின் குதிரைப்படையைச் சேர்த்துக்கொள்ளக் காரன்வாலிஸ் வடக்கே சென்றார். ஏப்ரல் நடுவில் அது வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கான அக்குதிரைகள் எதிரியின் சிறு குதிரைக்குழுக்களை விரட்டப் பயன்பட்டதைக் காட்டிலும், எஞ்சியிருந்த புல்லையும் கொள்ளையும் தின்று தீர்க்கவே மிகுதியாகப் பயன்பட்டன. இத்தனைக்கும் பின்னரும் மே மாதத்தின் முதல் வாரத்தில் அவர் சீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்டார். போரின் செலவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. தென்மேற்குப் பருவமழை காவிரியை நிறைக்கும் முன்பே போரை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மேற்கிலிருந்து குடகு வழியாக ஏபர்கிராம்பியின் தலைமையில் பம்பாய்ப் படையும் வந்துகொண்டிருந்தது. இரு படைகளும் தலைநகரின் அருகே கூட வேண்டும் என்பது திட்டம்.

பெங்களூரிலிருந்து சீரங்கப்பட்டணம் செல்லும் நேர்வழி சென்னபட்டணம் வழியாகச் செல்கிறது. அவ்வழியில் மலைக்கோட்டைகள் இருந்தன. திப்புவின் முதன்மைப்படையும் அங்கேயே காத்திருந்தது. ஆகவே காரன்வாலிஸ் தெற்கே, இன்று கனகபுரம் என வழங்கும் கங்கனஹள்ளி வழியைத் தேர்ந்தார். எதிரியைத் தவிர்க்க இது நல்ல வழி. மாடுகளுக்கோ அது காடும் பாறையும் ஓடைப் பள்ளங்களும் நிறைந்த கொடிய வழி. திப்பு விரைவாகச் செயல்பட்டார். படை வரும் திசையிலிருந்த ஊர்களிலிருந்து மக்கள் அகற்றப்பட்டனர், வைக்கோற்போர்கள் எரிக்கப்பட்டன, தவசம் ஒன்று மறைக்கப்பட்டது அல்லது அழிக்கப்பட்டது. வந்த படைக்கு எதிரியும் கிடைக்கவில்லை, உணவும் கிடைக்கவில்லை. வெற்றூர்களின் நடுவே அது நடந்தது.

மே 13 அன்று படை அரகெரேயில் காவிரிக் கரையை அடைந்தது. அவ்வாண்டு மழை முந்திக்கொண்டது. ஆற்றில் நீர் பெருகியிருந்ததால் கனத்த பீரங்கிகளை அங்கே கடத்த இயலவில்லை. சீரங்கப்பட்டணத்திற்கு மேற்கேயுள்ள கண்ணம்பாடியில் ஆற்றைக் கடக்கலாம் என்று முடிவாயிற்று. அதற்குமுன் தம் தலைநகருக்கு முன்னால் நின்ற திப்புவைத் திடீரெனத் தாக்க எண்ணி, மே 14 இரவில் காரன்வாலிஸ் படையைப் புறப்படச் செய்தார். இடியும் மழையுமாக இருந்த அவ்விரவில் படைப்பிரிவுகள் வழிதவறின. விடிந்தபின் நடந்த போரில் அவர் வென்றார். திப்புவின் படை ஒழுங்கு குலையாமல் தீவுக்கோட்டையின் பீரங்கிகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. வெற்றியால் கிடைத்தது ஒரு பாறைமேடு மட்டுமே. ஒரு மூட்டை அரிசிகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த நாட்களில் படை கண்ணம்பாடியை நோக்கி நகர்ந்தது. அந்நகர்வை நகர்வு என்று சொல்வதே மிகை. மாடுகள் வண்டிக்குப் பத்தாக, இருபதாக விழுந்தன. முற்றுகைப் பீரங்கிகளையும் வண்டிகளையும் வீரர்களே தோளில் கயிறிட்டு இழுத்தனர். மாடுகளிடையே கொள்ளைநோய் பரவியிருந்தது. மனிதர்களிடையே பெரியம்மை பரவியது. அரிசிப் படி குறைக்கப்பட்டது. படையைப் பின்தொடர்ந்த ஏழைப் பரிவாரத்தார் செத்து அழுகிய மாட்டிறைச்சியைத் தின்று உயிர் பிழைக்கும் நிலை வந்தது. மே 21 அன்று ஏபர்கிராம்பியைத் திரும்பிச் செல்லும்படி ஓலை போயிற்று. மறுநாள் முற்றுகைப் பீரங்கிகள் அழிக்கப்பட்டன. மே 26 அன்று படை திரும்பி நடக்கத் தொடங்கியது.

அன்றே ஒரு விந்தை நிகழ்ந்தது. மேல்கோட்டைத் திசையில் குதிரைப்படை ஒன்று தென்பட்டது. எதிரி என்று எண்ணிப் படை ஆயத்தமாயிற்று. வந்தவர்களோ நட்பாளராகிய மராட்டியர். ஹரி பந்த் பட்கேயும் பரசுராம் பாவ் பட்வர்தனும் நடத்திவந்த பெரும்படையின் முன்னணி அது. அப்படை சில நாள் தொலைவில்தான் இருந்தது என்பதைக் காரன்வாலிஸ் அறிந்திருக்கவில்லை. இருபுறத்துத் தூதர்களையும் திப்புவின் குதிரைக்குழுக்கள் இடைமறித்திருந்தன. மராட்டியரின் பாசறைச் சந்தையில் தானியம் இருந்தது. விலைதான் கடுமையாக இருந்தது. வாங்கத்தக்கவர் வாங்கி உண்டனர்.

இப்போது மழை என்னும் விடைக்குத் திரும்புவோம். ஆறு பெருகியதற்கு மழை காரணம். இரவுத் தாக்குதல் குலைந்ததற்கும் மழை காரணம். படை பசித்ததற்கு மழை காரணமா? மாடுகள் மடியத் தொடங்கியது பெங்களூரில், கோடை வெயிலில். கங்கனஹள்ளிப் பாதையில், காவிரியைக் காணும் முன்பே, வண்டிகள் பின்தங்கின. மராட்டியரின் செய்தி வராமற்போனதற்கு மழையா காரணம்? எதிரியின் திட்டமிட்ட கண்காணிப்பே காரணம். ஆகவே மழையை மட்டும் சுட்டும் விளக்கத்தில் திப்புவின் போர்முறை முழுவதும் காணாமல் போய்விடுகிறது. அவர் தோற்ற போர் பதிவாகிறது. அவர் வென்ற பாதை பதிவாகாமல் போகிறது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான அரிசி என்றும், ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் வாய்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு மாட்டுச் சுமை வேண்டும். முப்பது நாளுக்கு இரண்டாயிரத்து எழுநூறு மாடுகள். இது பத்தாயிரம் பேருக்கு மட்டுமே. அக்காலக் கும்பனிப் படையில் போரிடுவோரைக் காட்டிலும் பரிவாரத்தார் பன்மடங்கு மிகுதி. அதன்மேல் பீரங்கி, குண்டு, வெடிமருந்து, கூடாரம், சாராயம், அதிகாரிகளின் தனிச்சுமை. இந்த மாடுகள் அனைத்தும் தின்ன வேண்டும்; வழியில் புல் இல்லையெனில் அவற்றுக்கான தீவனத்தைச் சுமக்க மேலும் மாடுகள் வேண்டும். இக்கணக்கு ஓரெல்லைக்கு மேல் தன்னைத்தானே விழுங்கிவிடும். புல்லை எரிப்பவன் பீரங்கியை உடைப்பவனாகிறான். திப்புவின் போர்முறையின் கருவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

இத்தகைய தோல்வி உலக வரலாற்றில் தனியொன்றன்று. இரண்டாம் சிலுவைப்போரின்போது, 1147இல், செருமானிய மன்னர் மூன்றாம் கான்ராடு நடத்திச் சென்ற படையை ஒப்புநோக்கலாம். அப்படையிலும் போர்வீரரோடு ஆயுதமற்ற யாத்திரிகர் கூட்டம் பெருவாரியாக நடந்தது. கான்ஸ்டாண்டிநோபிளை அடையும் முன்பே, செப்டம்பர் 7ஆம் நாள் இரவில், திரேஸ் சமவெளியில் அவர்களது பாசறையைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. ஆசியா மைனரில் நிக்கேயா நகரில் படை இரண்டாகப் பிரிந்தது. யாத்திரிகர் பலர் கடற்கரை வழியே அனுப்பப்பட்டனர். கான்ராடு அக்டோபர் நடுவில் உள்நாட்டு வழியே கிளம்பினார். பத்து நாட்களில், டோரிலேயம் அருகே, உணவு தீர்ந்த நிலையில் படை திரும்ப முற்பட்டது. இலேசான குதிரைகளில் வந்த துருக்கிய வில்லாளிகள் பின்தங்கிய காலாட்கூட்டத்தைச் சிதைத்தனர்.

இங்கு நம் கவனத்திற்குரியது தோல்வி பதிவான விதம். பல்லாண்டுகளுக்குப் பின் எழுதிய தீர் நகர வில்லியம் உள்ளிட்ட வரலாற்றாளர்கள், கிரேக்க வழிகாட்டிகளின் வஞ்சகத்தையே காரணமாகக் காட்டினர். கான்ராடோ மடாதிபதி விபால்டுக்கு எழுதிய மடலில், உணவு தீர்ந்ததையும் குதிரைகள் தளர்ந்ததையும் நடந்துவந்தோர் படையோடு ஈடுகொடுக்க இயலாமற்போனதையும் கூறினார். வஞ்சகம் பேரரசுகளின் கதைக்கு ஏற்ற காரணம். தீவனக் கணக்கு அவ்வளவு சுவையானதன்று. 1147இல் கிரேக்க வழிகாட்டி வகித்த இடத்தை 1791இல் பருவமழை வகிக்கிறது. இரண்டும் தோல்வியைப் படைக்கு வெளியே வைத்துவிடுகின்றன.

இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. கான்ராடு தமக்கு அறிமுகமற்ற நிலத்தில் நடந்தார். காரன்வாலிஸின் படையிலோ இந்நிலத்தை அறிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர்: தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த சென்னைச் சிப்பாய்கள், மாட்டுக்காரர்கள், வண்டியோட்டிகள், கூடாரம் அடிப்போர், பாசறைச் சந்தை வணிகர். காவிரி எப்போது பெருகும் என்பது அவர்களுக்கு ஐயமற்றுத் தெரிந்திருக்கும். அறிவு படையில் இருந்தது. அது முடிவெடுக்கும் கூடாரத்தை எட்டும் வழிதான் இல்லை.

மறுபுறம் மைசூரின் வலிமை எருதுகளில் இருந்தது. உடையார் ஆட்சியில் தொடங்கி ஹைதர் அலியால் பெருக்கப்பட்ட அரசுக் கால்நடைப் பட்டிகளுக்குத் திப்பு அமிர்த மகால் என்று பெயரிட்டார். கட்டுடலும் விரைந்த நடையும் கொண்ட அம்மாடுகள் மேட்டுநிலத்தின் புல்வெளிகளில் ஆண்டுமுழுதும் அரசின் பொறுப்பில் பேணப்பட்டன. கும்பனியோ ஒப்பந்தக்காரர் கொணர்ந்த மாடுகளை நம்பியிருந்தது. ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கணக்கு முக்கியம். மாட்டின் வயதும் வலுவும் அடுத்தபடி. கீழைக்கரைச் சமவெளியில் வளர்ந்த சிறுமாடுகள் மேட்டுநிலத்தின் பாறை வழியில் முற்றுகைப் பீரங்கியை இழுக்க முடியாது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் மிக விரும்பிய போர்ப்பொருள்களுள் அமிர்த மகால் மாடுகளும் அடங்கும் என்பதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இதனைத் திப்புவின் மதிநுட்பத்தைப் போற்றும் கதையாக மட்டும் முடிப்பதும் நேர்மையாகாது. எரிக்கப்பட்ட வைக்கோற்போர் மைசூர் உழவருடையது. மழைக்கு முன்பு, உழவு தொடங்க வேண்டிய காலத்தில், வீட்டையும் விதைத்தவசத்தையும் விட்டு அகன்றவர்கள் கங்கனஹள்ளிச் சீமையின் குடிகள். தம் அரசனின் தற்காப்பிற்கான விலையை அவர்களே செலுத்தினர். எதிர்ப்புறத்தில் அழுகிய இறைச்சியைத் தின்றவர்கள் தமிழ் மண்ணிலிருந்து கூலிக்காகவும் குடும்பத்தோடும் படைக்குப் பின்னே வந்த எளியவர்கள். இவ்விரு கூட்டத்தாரும் இறந்தோர் பட்டியலில் இல்லை. வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் தனித்தனியே பதிவாயின. சிப்பாய்கள் எண்ணிக்கையாகப் பதிவாயினர். பரிவாரத்தார் எண்ணிக்கையாகக்கூடப் பதிவாகவில்லை. மாடுகளின் இழப்பையாவது கணக்கில் வைத்தார்கள், ஏனெனில் அவற்றுக்கு விலை உண்டு.

தோல்வியிலிருந்து காரன்வாலிஸ் கற்றுக்கொண்டார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சூலையில் பெங்களூர் திரும்பியதும் அவர் முதலில் கைப்பற்றியது ஓசூரை, அடுத்து இராயக்கோட்டை. பாரமகால் வழியாகக் கர்நாடகச் சீமையின் தானியம் மேலேறும் கணவாய்ப் பாதையை இவை திறந்துவிட்டன. இன்று அடுகோடியைத் தொட்டு ஓசூர் நோக்கி ஓடும் நெடுஞ்சாலையின் திசையே அன்று அந்தப் படையின் உயிர்நாடியாயிற்று. அக்டோபரில் நந்திதுர்க்கமும் டிசம்பரில் சாவனதுர்க்கமும் வீழ்ந்தன; பின்னிருந்து வழங்கலை அறுக்கும் கோட்டைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் உளவுப் பணியோடு லம்பாடிப் பொதிமாட்டு வணிகரையும் படைக்குத் தானியம் கொணரச் செய்தார். நாடோடி வணிகரின் மாட்டுச்சாரை, ஒப்பந்தக்காரரால் இயலாததைச் செய்தது. 1792 பிப்ரவரி 6 இரவில் சீரங்கப்பட்டணத்தின் புற அரண்கள் தாக்கப்பட்டபோது படை பசியோடு இல்லை.

அந்த மார்ச்சில் கையெழுத்தான உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. இரு மைந்தர்கள் பணயமாயினர். பாரமகால், சேலம், திண்டுக்கல் பகுதிகள் கும்பனிக்கு வந்தன. படைக்குத் தானியம் தேடிய அதே ரீட், பாரமகாலின் நிருவாகியானார். தாமஸ் மன்றோ அவருடைய துணைவர்களுள் ஒருவர். ஊர்தோறும் நிலத்தை அளந்து உழவரிடம் நேரே வரி வாங்கும் முறை அங்கே முளைத்துப் பின்னர் ரயத்துவாரியாக வளர்ந்தது. ஒரு சீமையில் எவ்வளவு விளைகிறது, எவர் கையில் இருக்கிறது, எவ்வழியே அதைப் பெறலாம் என்பன படைவழங்கல் அதிகாரியின் வினாக்கள். வரி அதிகாரியின் வினாக்களும் அவையே. இத்தொடர்ச்சி மேலும் ஆராயத்தக்கது என்று கருதுகிறேன்.

நினைவின் பக்கம் திரும்பினால், 1791 டிசம்பரில் இலண்டனில் கேலிச்சித்திரக்காரர் கில்ரே, பருவமழையின் வருகையையும் சீரங்கப்பட்டணப் பின்வாங்கலையும் தலைப்பிலேயே இணைத்து ஒரு படம் வெளியிட்டார். காரன்வாலிஸ் ஓடுகிறார், மதில்மேல் நிற்கும் திப்பு அவரை இழிவுபடுத்துகிறார். தோல்வி அன்று யாருக்கும் மறைபொருளாக இருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில், படையோடு சென்ற ஓவியர் இராபர்ட் ஹோம் முதலியோர் தீட்டிய, பணய இளவரசர்களைக் காரன்வாலிஸ் கனிவோடு வரவேற்கும் காட்சிகள் அந்தக் கேலிச்சித்திரத்தின் இடத்தைப் பிடித்தன. வெற்றியின் ஓவியம் முந்தைய தோல்வியை ஒரு வானிலைச் செய்தியாகச் சுருக்கிவிட்டது.

பீரங்கிகள் அழிக்கப்பட்ட கண்ணம்பாடியின் பழைய ஊர் பின்னாளில் கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீருக்குள் சென்றது. களத்தில் தேடுவதற்கு அங்கு மிகுதியாக எதுவும் இல்லை, ஆவணங்களில் உண்டு. போர் வரலாற்றை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் தளபதிகளின் மடல்களைப் படிக்கும் அதே கவனத்தோடு மாட்டு ஒப்பந்தங்களையும் தானியக் கணக்குகளையும் சென்னை ஆவணக் காப்பகத்தின் படைத்துறைப் பதிவுகளில் தேடிப் படிக்க வேண்டும். கங்கனஹள்ளிப் பாதையில் மே 1791இல் ஒரு மாட்டுக்காரருக்கு என்ன கூலி பேசப்பட்டது, அது அவருடைய வீட்டாருக்குப் போய்ச் சேர்ந்ததா என்னும் கேள்விக்கு விடை கிடைத்தால், அப்போரைப் பற்றி நாம் அறிந்தது சற்றேனும் கூடியிருக்கும்.